தடித்த சாய்வெழுத்து சரிவராதபோது: அறிகுறி பார்த்துச் சீர்செய்யும் முறை

இலங்கையின் மலையகத்திலுள்ள ஹட்டன் நகரில் அச்சு வேலையும் பதாகை வேலையும் செய்யும் ஒரு சிறிய கடையில், கணினியின் முன் உட்கார்ந்து வடிவமைப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தோட்டங்களுக்கிடையிலான கிரிக்கெட் போட்டிக்கு ஜேர்சி, முச்சக்கரவண்டியின் பின்கண்ணாடிக்கு ஸ்டிக்கர், தனியார் பஸ்ஸின் நெற்றியில் பெயர், டியூஷன் வகுப்புக்குச் சுவரொட்டி என்று எது கேட்டு வந்தாலும், பலரும் கூடவே சொல்வது, "நல்லா மொத்தமா, சாய்வா, வேகமா ஓடுற மாதிரி போடுங்க" என்பதுதான். அவர்கள் கேட்பது, முனைகளில் சிறு கோடுகள் இல்லாத, சான்ஸ் செரிஃப் எனப்படும் வகையைச் சேர்ந்த, தடித்துச் சாய்ந்த தலைப்பெழுத்தை. ஆங்கிலத்தில் அதைப் போடுவது இரண்டு நிமிட வேலை. தமிழில் அதே வேலையில் ஏன் இத்தனை கோளாறுகள் வருகின்றன என்பதையும், ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் கண்டு சரிசெய்வது என்பதையும், கடையில் நான் பார்த்துப் பழகிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

முன்னதாக ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். இலத்தீன் எழுத்துருக்களில் தடித்த சாய்வு என்பது தனியாக வரையப்பட்ட ஒரு வடிவம். ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் வடிவமைத்து 1957இல் வெளிவந்த யுனிவர்ஸ் குடும்பத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. இயல்பானது 55, தடித்தது 65, சாய்ந்தது 56, தடித்துச் சாய்ந்தது 66. அந்த 66, 65ஐப் பிடித்துச் சாய்த்து விட்டதால் கிடைத்ததன்று. அதற்கென்று தனியாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். தமிழில் நிலைமை வேறு. விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா ஆகிய இரண்டிலும் தடித்த வடிவம் இருக்கிறது, சாய்ந்த வடிவம் இல்லை. கட்டமரான் எழுத்துருவில் மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை 9 எடைகள் இருந்தும் சாய்வு கிடையாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் சாய்ந்தே வரையப்பட்டது. ஆனால் அது கையெழுத்தின் சாயல் கொண்டது, ஒரே எடையில் மட்டும் கிடைப்பது, ஜேர்சியின் முதுகுக்கு ஏற்றதன்று. ஆகவே தமிழில் தடிப்பும் சாய்வும் ஒன்றாகத் திரையில் தோன்றினால், பெரும்பாலும் அதை வரைந்தது மென்பொருள்தான் என்று முதலிலேயே சந்தேகிக்க வேண்டும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் புள்ளியைப் பாருங்கள். "தோட்டம்" என்று நேராக ஒரு முறையும் சாய்வாக ஒரு முறையும் தட்டச்சு செய்து, மகர மெய்யின் புள்ளியைத் திரை நிறையும்வரை பெரிதாக்குங்கள். நேரான எழுத்தில் முழு வட்டமாக இருக்கும் புள்ளி, சாய்வில் ஒரு பக்கம் நசுங்கிய முட்டையைப் போலத் தெரிந்தால், அந்த எழுத்து தள்ளப்பட்டது, அதாவது மென்பொருள் நேரெழுத்தின் தலையை வலப்புறம் தள்ளிச் சாய்த்தது. ஏறத்தாழ வட்டமாகவே நின்றால், யாரோ ஒருவர் அதை வரைந்திருக்கிறார். வரைந்ததா, தள்ளியதா என்ற இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், கீழே வரும் கோளாறுகளில் பலவற்றுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்காது.

அறிகுறி: எழுத்து சாய்ந்திருக்கிறது, ஆனால் தள்ளாடுவது போலத் தெரிகிறது

வாடிக்கையாளர் இதைச் சொல்லத் தெரியாமல் "என்னமோ சரியில்ல" என்பார். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இணையத்தில் சாய்வுக்கு இயல்பளவாக வைத்திருப்பது 14 பாகை. அதாவது நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு வலப்புறம் தள்ளுவது. இப்படித் தள்ளும்போது செங்குத்துக் கோட்டின் கிடை அகலம் மாறுவதில்லை என்றாலும் அதன் உண்மையான தடிப்பு குறைகிறது: 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கால் ஏறத்தாழ 19.4 மில்லிமீற்றராகிவிடும். படுக்கைக் கோடோ 20 மில்லிமீற்றரிலேயே நிற்கும். ட, ப, ம போன்ற எழுத்துகள் அகலமான அடிக்கோட்டின்மேல் நிற்பவை ஆகையால், கால் மெலிந்து அடி கனத்து, எழுத்து கீழே இழுபடுவது போன்ற தோற்றம் வருகிறது.

வளைவுகளில் கேடு இன்னும் அதிகம். ஒரு வட்டத்தை வலப்புறம் தள்ளினால் அதன் மேல் வலப் பகுதியும் கீழ் இடப் பகுதியும் தடிக்கும். மேல் இடப் பகுதியும் கீழ் வலப் பகுதியும் மெலியும். இலத்தீன் எழுத்தில் வட்டங்கள் சில எழுத்துகளில்தான் வரும். தமிழிலோ சுழியில்லாமல் ஒரு வரி எழுதுவதே கடினம். "கொழுந்து" என்ற சொல்லைத் தடித்த வடிவில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பின் சுழி ஒரு பக்கம் வீங்கும், ககரத்தின் இடப்புற வளைவு வேறொரு விதமாக வீங்கும், ழு-வின் கீழ் வளைந்து திரும்பும் வால் பாதியில் மெலிந்து பாதியில் பருக்கும். ஒரே சொல்லுக்குள் மூன்று தடிப்புகள் தெரிவதால்தான் அது தள்ளாடுகிறது.

சரிசெய்யும் முறை பொறுமையைக் கேட்பது, ஆனால் கடினமானதன்று. சொல்லை முதலில் கர்வ்ஸாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக்கொள்ளுங்கள். சாய்வை 14இலிருந்து 10 பாகைக்குக் குறையுங்கள். கண்ணுக்கு வேகம் குறைவதில்லை, தடிப்பின் இழப்போ பாதியாகிவிடும். பிறகு செங்குத்துக் கால்களின் ஒரு பக்கப் புள்ளிகளை மட்டும் பிடித்துச் சிறிது வெளியே இழுத்து, இழந்த தடிப்பைத் திருப்பிக் கொடுங்கள். சுழிகளின் மேல் வலப்புறத்தை உள்ளிருந்து செதுக்குங்கள். மெய்ப்புள்ளிகளை அழித்துவிட்டுப் புதிதாக வட்டங்களை வையுங்கள். அவற்றை எழுத்தின் நேர்மேலே வைக்காமல், சாய்வுக்கோட்டை மேல்நோக்கி நீட்டினால் அது எங்கே போய்ச் சேருமோ அங்கே வைக்க வேண்டும். ஏழெட்டு எழுத்துள்ள ஒரு தலைப்புக்கு இது அரை மணி நேர வேலை. நாலு பத்தி அறிவித்தலை இப்படித் திருத்த முடியாது. அதனாலேயே இந்த வடிவத்தைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, விவரங்களை நேரெழுத்தில் விடுவது என் வழக்கம்.

அறிகுறி: சுழிகள் அடைபட்டு, வேறு எழுத்தாக வாசிக்கப்படுகிறது

சில ஆண்டுகளுக்கு முன் சிரமதான வேலை ஒன்றுக்கு டீ ஷேர்ட் அச்சிட்டோம். முதுகில் "சிரமதானப் பணி" என்று வர வேண்டும். துணியில் மை பரவி, மூன்று சுழி ணகரத்தின் முதல் சுழி அடைபட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அது "பனி" என்றே தெரிந்தது. இந்த ஊரில் பனிக்கு யாரும் சிரமதானம் செய்ய வேண்டியதில்லை என்று இளைஞர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். பிழை என்னுடையதுதான்.

காரணத்தை அன்றிரவு தேடிப் பார்த்தபோது கிடைத்தது. மென்பொருளின் எழுத்துருப் பட்டியலில் இயல்பு, தடிப்பு, சாய்வு, தடித்த சாய்வு என்ற நான்கு வடிவங்கள்தான் ஒரே பெயரின் கீழ் கூடியிருக்கும். அதற்கு மேற்பட்ட, பிளாக் அல்லது எக்ஸ்ட்ரா போல்ட் எனப்படும் எடைகள் தனிப் பெயரில் நிற்கும். ஏற்கெனவே அப்படி மிகத் தடித்த எழுத்துருவைத் தெரிவுசெய்துவிட்டு, பழக்க தோஷத்தில் தடிப்புக்கான பி பொத்தானையும் அழுத்தினால், மென்பொருள் எழுத்தைச் சுற்றி இன்னொரு கோட்டை ஏற்றிவிடும். தடிப்பின் மேல் தடிப்பு. அந்தக் கோடு வெளியே வளர்வது போலவே சுழிகளுக்கு உள்ளேயும் வளர்கிறது. ண, ன, ஞ, ஷ ஆகியவையும் ணை, னை போன்ற கூட்டுகளும்தான் முதலில் அகப்படும்.

ஆகவே மிகத் தடித்த எழுத்துருவில் பி பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் விலக்குங்கள். அப்போதும் சுழி நெருக்கமாக இருந்தால் ஓர் எடை கீழே இறங்குங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் வேலைக்கு, உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, மிகச் சிறிய சுழியின் உள்வெளியை அளவுகோலால் அளக்கிறேன். அது 1 மில்லிமீற்றரை எட்டாவிட்டால் துணிக்கு அனுப்புவதில்லை. இது எங்கள் மைக்கும் எங்கள் வலைக்கும் பொருந்தும் அளவு. உங்கள் கடையில் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெட்டும் ஸ்டிக்கரிலும் இதே கதைதான், அங்கே மை பரவுவதற்குப் பதிலாக, தேவையற்ற பகுதியை ஊசியால் உரித்தெடுக்கும்போது சுழியின் மெல்லிய வளையமும் சேர்ந்து எழும்பி வந்துவிடும்.

அறிகுறி: சொல்லின் கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டுவிட்டது

"தோட்டம்" என்று கொடுத்தது "தோட்டம" என்று அச்சாகி வந்தால், தட்டச்சு செய்தவரைத் திட்டுவதற்கு முன் எழுத்துப் பெட்டியின் விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எழுத்துருவில் ஒதுக்கப்பட்ட அகலம் நேராக நிற்கும் வடிவத்துக்கானது. மென்பொருள் தள்ளிச் சாய்க்கும்போது அந்த அகலம் மாறுவதில்லை. எழுத்தின் தலை மட்டும் வெளியே போகிறது. 100 மில்லிமீற்றர் உயரத்தில் 14 பாகைச் சாய்வு என்றால் உச்சி 25 மில்லிமீற்றர் வலப்புறம் நீண்டுவிடும். ஆங்கிலச் சொல்லில் இதனால் வெட்டுப்படுவது பெரும்பாலும் ஒரு மூலைதான். தமிழ்ச் சொற்களோ ம், ன், ள், ர் என்று மெய்யில் முடிபவை ஏராளம். எழுத்தின் உச்சியில், மிகவும் வலப்புறம் தள்ளப்பட்ட இடத்தில் நிற்பது புள்ளி. வெட்டு நேரே அதன் மேல் விழுகிறது.

பெட்டியை வலப்புறம் உயரத்தின் கால் பங்கு அகலப்படுத்துங்கள். பெட்டியில்லாத மென்பொருளில் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளியைத் தட்டச்சு செய்தால் பல வேளைகளில் போதும். படமாக ஏற்றுமதி செய்யும்போதுதான் இந்த வெட்டு அதிகம் நேர்வதால், ஏற்றுமதி செய்த படத்தைத் திறந்து வலது விளிம்பை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. மேல் வரியின் ழு, ளு, ஞூ போன்றவற்றின் வால் கீழ் வரியின் ஈகாரக் கொக்கியில் மோதுவதும் இதே வகைத் தவறுதான்: வரி இடைவெளியை ஆங்கிலத் தலைப்புக்கு வைத்த அளவிலேயே விட்டிருப்பீர்கள், கூட்டுங்கள்.

அறிகுறி: ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது

வேறொரு கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் செய்த வேலையை, பாமினி இல்லாத கணினியில் திறந்திருக்கிறீர்கள். பாமினியில் "கொழுந்து" என்பது என், எஃப், எச், பெரிய ஓ, சிறிய இ, அரைப்புள்ளி, பெரிய ஜே என்ற விசைகளின் வரிசையாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருப்பதே அந்த எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலுள்ள ஆங்கிலம் வெளியே வந்துவிடுகிறது. பாமினியை நிறுவினால் உடனே தீரும். யுனிகோடு எழுத்துருவுக்கு மாற்ற விரும்பினால் எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை, மாற்றிக் கருவியின் வழியாக எழுத்தையே மாற்ற வேண்டும். பாமினியில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் சேமிக்கப்படுகிறது, யுனிகோடில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் வரும்.

அறிகுறி: கொம்பு இடம் மாறி நிற்கிறது, அல்லது புள்ளிக்கோட்டு வட்டம் தெரிகிறது

இது யுனிகோடில் நேர்வது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யத் தெரியாத மென்பொருள் சேமிப்பின் வரிசையிலேயே காட்டிவிடும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துக்கான விருப்பத் தெரிவுகளுக்குள் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள்; இன்டிசைனில் பந்தித் தெரிவுகளுக்குள் வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்று இருக்கும். தெரிவு சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால், தட்டச்சைச் சந்தேகியுங்கள். துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டச்சு செய்துவிட்டு, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். தடித்த சாய்வில் அந்த வேறுபாடு இன்னும் மறைந்துபோகும்.

அறிகுறி: மும்மொழிப் பலகையில் தமிழ் மட்டும் எடுபடவில்லை

1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது முதல், மும்மொழிப் பலகை என்பது எங்கள் தொழிலின் அன்றாட வேலை. கடைக்காரர் ஒருவர் ஆங்கிலப் பெயரை நல்ல தடித்த சாய்வில் எங்கோ செய்து கொண்டுவந்து, "இதே மாதிரி சிங்களமும் தமிழும் போடுங்க" என்பார். ஆங்கிலம் வரைந்த வடிவம்; மற்ற இரண்டும் தள்ளியவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வேறுபாடு ஒளிந்துகொள்ள இடமில்லை. சிங்களம் தமிழைவிடவும் வட்டமான எழுத்து ஆகையால், மேலே சொன்ன வீக்கம் அதில் இன்னும் கூடுதலாகவே தெரியும்.

இங்கே நான் செய்வது இதுதான். சிங்களத்தையும் தமிழையும் நேராகவே, தடித்த எடையில் நிறுத்துகிறேன். ஆங்கிலத்துக்கு மட்டும் சாய்வை விட்டு, வேகம் வேண்டுமானால் மூன்று வரிகளுக்கும் பின்னால் சாய்ந்த நிறப்பட்டை ஒன்றைப் போடுகிறேன். பட்டையின் சாய்வும் ஆங்கில எழுத்தின் சாய்வும் ஒரே பாகையில் இருந்தால், பார்ப்பவருக்குப் பலகை முழுவதும் சாய்ந்து ஓடுவதாகவே தோன்றும். அளவைப் பொயின்ட் கணக்கில் சமப்படுத்தாதீர்கள். தமிழின் கொக்கியும் வாலும் உயரத்தைத் தின்றுவிடுவதால், ஒரே பொயின்ட் அளவில் தமிழின் உடல் சிறுத்துத் தெரியக்கூடும். ட, ப ஆகியவற்றின் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கண்ணால் சரிசெய்யுங்கள். கடைசியில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமும் காட்டாமல் அச்சுக்கு விடாதீர்கள்.

அறிகுறி: திரையில் அழகாக இருந்தது, வீதியில் வாசிக்க முடியவில்லை

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ7 வீதியில் வளைவுக்கு வளைவு பதாகைகள் தொங்கும். ஓட்டுநருக்கு ஒரு பதாகை கண்ணில் படுவது சில விநாடிகள்தான். பனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. பனிமூட்டத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு குறையும்போது முதலில் காணாமல் போவது, எழுத்துக்குள்ளும் எழுத்துகளுக்கிடையிலும் உள்ள சிறிய வெளிகள். தடிப்பைக் கூட்டினால் தூரத்துக்குத் தெரியும் என்று எண்ணி வாடிக்கையாளர் இன்னும் மொத்தமாகக் கேட்பார். அந்த வெளிகளைத்தான் அவர் அடைக்கச் சொல்கிறார். ஓர் எடை குறைத்து, எழுத்திடைவெளியைச் சிறிது கூட்டி, சாய்வை 8 பாகையளவில் நிறுத்தினால் பலன் கிடைக்கும். எழுத்திடைவெளியைக் கூட்டும்போது சில மென்பொருள்கள் கொம்பையும் அதன் எழுத்தையும் கூடப் பிரித்துவிடுகின்றன. "கொ" மூன்று துண்டாகச் சிதறி நின்றால், கர்வ்ஸாக மாற்றிக் கையால் நெருக்குங்கள்.

சோதிப்பதற்குத் தலைப்பை ஒரு தாளில் சிறிதாக அச்சிட்டு, எதிர்க்கடைச் சுவரில் ஒட்டி, வீதிக்கு இப்பால் நின்று பார்க்கிறேன். மழை பெய்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: எழுத்தில் குறையேதும் இல்லை, ஆனாலும் பொருந்தவில்லை

இதை எந்த மென்பொருளும் சுட்டிக்காட்டாது. தடித்த சாய்வு முன்னோக்கி ஓடும் எழுத்து. விளையாட்டு, வாகனம், விலைக்கழிவு, அவசர அறிவித்தல் ஆகியவற்றுக்குப் பொருந்துவது. ஒரு முறை ஜேர்சி வேலை முடிந்த கையோடு, அதே கோப்பில் இருந்த எழுத்து அமைப்பிலேயே கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஒன்றைச் செய்துவிட்டேன். பிழை ஒன்றும் இல்லை, புள்ளிகூட வெட்டுப்படவில்லை. வாங்க வந்த பெரியவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தம்பி, ஐயா எங்கயோ அவசரமா போற மாதிரி இருக்கு" என்றார். நேரெழுத்தில், நடுத்தர எடையில், மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தப் பதாகைக்குக் காசு வாங்கவில்லை.

கைபேசியிலும் இணையப் பக்கத்திலும்

வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் உடுக்குறியும் (*) அடிக்கோடும் (_) இட்டுத் தமிழை எழுதினால் வரும் தடிப்புச் சாய்வும் பெரும்பாலும் தள்ளியதே. செய்திக்கு அது போதும். இணையப் பக்கத்தில் உலாவி தானாகத் தள்ளுவதை நிறுத்த, சிஎஸ்எஸ் வரிகளில் பொன்ட் சிந்தெஸிஸ் (font-synthesis) என்பதற்கு நன் (none) என்று கொடுத்தால், வரைந்த வடிவம் இல்லாத இடத்தில் எழுத்து நேராகவே நின்றுவிடும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது

பெரிய வேலைகளைக் கொழும்புக்கு அனுப்பும்போது, அங்கே நம் எழுத்துரு இருக்காது என்று வைத்துக்கொண்டே கர்வ்ஸாக மாற்றிய கோப்பை அனுப்புங்கள். கையால் செதுக்கிய சுழிகளும் மாற்றிவைத்த புள்ளிகளும் அப்படியே போய்ச் சேரும். எழுத்தாகவே உள்ள கோப்பை வேறு பெயரில் கடையில் வைத்திருங்கள். கொழுந்து பறிக்கும் போட்டி அடுத்த ஆண்டும் நடக்கும். திகதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி, அச்சகம் மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது வருவார்கள்.